கோல் கைமாறும் இடம்



தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு மாணவனை அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்பது, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதற்பாடம். வகுப்பறையில் இருந்த காலமெல்லாம் அதனைப் பின்பற்றினோம். எழுபது வயதைக் கடந்த இந்நாளிலும் அவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆதலால் இன்று ஆகமத்தில் தொடங்காமல் அடுக்களையில் தொடங்குகின்றோம். அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்கும், பின்னர் நம் ஆசாரியர்கள் அமர்ந்திருந்த குகைக்கும் செல்வோம். பொறுமையுடன் உடன் வருமாறு வேண்டுகின்றோம்.

ஒரு வாரத்தின் அலுவல்

வந்தவாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நாம், ஓய்வு பெற்ற பின் இராசபாளையத்தில் மகள் இல்லத்தில் வாழ்ந்து வருகின்றோம். மருமகனார் இவ்வூர் நூற்பாலை ஒன்றில் பணிபுரிபவர். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் மாலை ஷிப்டு, அதற்கடுத்த வாரம் இரவு ஷிப்டு என்று அவர்தம் உறக்கமும் விழிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். மகள் வங்கியில் அலுவலர். பேரன் நான்காம் வகுப்பு மாணவன். பேத்தி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றாள். காலை ஏழரை மணிப் பேருந்தில் புறப்பட்டுச் செல்வாள்.

சென்ற ஆண்டு தசலட்சண பருவம் வந்தது. பாத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கிப் பத்து நாட்கள், பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, புலனடக்கம், தவம், தியாகம், பற்றின்மை, பிரமசரியம் எனும் பத்துத் தருமங்களையும் நாளுக்கொன்றாக நாம் சிந்திக்கும் புண்ணிய காலம் அது. உறவினரும் ஜினாலயமும் சூழ்ந்த ஊரில் இருந்தால் அந்நாட்கள் தாமாகவே பொலிவு பெறும். இங்கோ நம் இல்லமே ஆலயம். நாமே வாசிப்பவர், நாமே கேட்பவர்.

அந்தப் பத்து நாட்களுக்குள்தான் எல்லா அலுவல்களும் வந்து குவிந்தன. சம்பந்தியம்மாள் கண் மருத்துவத்திற்காக வந்து தங்கினார். பேரனுக்குப் பள்ளித் தேர்வு. மகளுக்கு வங்கியில் தணிக்கை. இவற்றுக்கிடையே பேத்தி, பள்ளியின் நால்வர் தொடர் ஓட்ட அணியில் மூன்றாமவளாகத் தேர்வு பெற்றாள். குறுவட்ட அளவிலான போட்டி, பருவத்தின் எட்டாம் நாளாகிய வெள்ளிக்கிழமை நடைபெறும் என்று அறிவித்தனர். அதனால் நாள்தோறும் மாலை ஆறு மணி வரை பயிற்சி.

இங்கேதான் இடர் தோன்றியது. இரவுண்ணாமை நம் குடியின் அடையாளம். ஊர் மாறினும், தொழில் மாறினும், உடை மாறினும், விளக்கு வைத்த பின் அடுப்பில் உணவு இராது என்பதை வைத்தே அயலார் நம்மை அறிந்தனர். இருளில் நம் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவோடு அழியலாகாது என்னும் அருளிலிருந்து பிறந்த நோன்பு இது. புரட்டாசியை ஒட்டிய அந்நாட்களில் இங்கே கதிரவன் ஏறத்தாழ ஆறேகால் மணிக்கு மறைகின்றான். ஆறு மணிக்குப் பயிற்சி முடித்த பெண், பேருந்தேறி இல்லம் சேர ஆறே முக்கால் ஆகிவிடும்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. உத்தம சத்தியத்தைச் சிந்திக்க வேண்டிய நாள். பேத்தி வந்து பையை இறக்கி வைத்து, “பாட்டி, பசிக்கிறது” என்றாள். நாம் கடிகாரத்தைக் காட்டினோம். அத்துடன் நின்றிருக்கலாம். “ஓட்டம் பெரிதா, நோன்பு பெரிதா? ஒன்றை விட்டுவிடு. உன் பாட்டனார் எண்பது வயது வரை ஒரு நாளும் தவறியதில்லை. இந்த வீட்டில் உன்னோடுதான் இது முறியப் போகிறது” என்று உரைத்தோம். சம்பந்தியம்மாள் கேட்டிருக்க, பேரன் பார்த்திருக்க உரைத்தோம். குழந்தை ஒரு சொல்லும் மறுமொழி கூறாமல் தண்ணீரும் அருந்தாது படுக்கச் சென்றாள். நோன்பு காத்துவிட்டோம் என்ற நிறைவோடு நாமும் உறங்கினோம்.

மறுநாள் காலை, வழக்கம்போல் பேருந்துக்கு விரைந்தவள் சரியாக உண்ணவில்லை. மாலை நான்கரை மணிக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பயிற்சியில் பேத்தி மயங்கி அமர்ந்துவிட்டாள் என்றும், இப்போது நலமாக இருக்கின்றாள் என்றும் உடற்கல்வி ஆசிரியை தெரிவித்தார்.

அன்பர்களே, அந்த நேரத்தில் நம் உள்ளம் பட்ட பாட்டை எழுத இயலவில்லை. இம்சை என்பது யாது? விழிப்பின்றி, கஷாயங்களின் வசப்பட்ட மனம் பிறவுயிர்க்கு இழைக்கும் ஊறு என்று நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். முந்தைய நாள் மாலை நம் சொல்லில் இருந்தது நோன்பின் மீதுள்ள அன்பு மட்டுமா? நம் வீட்டில் இது முறியலாகாது என்ற மானமும், சம்பந்தியம்மாள் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமும் அதில் கலந்திருந்தன. சிற்றுயிரைக் காக்கப் பிறந்த நோன்பைக் கையில் ஏந்தி, நம் மடியில் வளர்ந்த உயிரைப் புண்படுத்தினோம். வாய்மையின் நாளில் மெய்யைக் கடுஞ்சொல்லாக்கினோம். புலனடக்கத்தின் நாளில்தான் நம் நாவை நாம் அடக்கவில்லை என்பதை உணர்ந்தோம்.

அன்றிரவு மகள் நம்மைக் கடிந்து ஏதும் கூறவில்லை. “அம்மா, நோன்பையும் விட வேண்டாம், ஓட்டத்தையும் விட வேண்டாம். உணவு அவளிடம் போகட்டும்” என்றாள். அவ்வாரம் மருமகனாருக்குக் காலை ஷிப்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். வியாழன் முதல் நாம் நான்கு மணிக்குச் சோறு வடித்துக் கொடுத்தோம். அவர் அதனை இருசக்கர வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு சென்றார். ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்க ஆசிரியை இசைந்தார். ஒரு சிறு எவர்சில்வர்த் தூக்கு இவ்வாறு கைமாறி, கதிர் மறையுமுன் குழந்தையின் கையைச் சேர்ந்தது. இத்தனை எளிய வழி நமக்கு ஏன் தோன்றவில்லை? கட்டளையிடுவோர்க்கு வழி தோன்றுவதில்லை. உடன் நடப்போர்க்கே தோன்றுகின்றது.

பேத்தி கற்பித்த பாடம்

வியாழன் இரவு பேத்தியை அருகே அழைத்து, “கண்ணே, அன்று பாட்டி பேசியது தவறு. பொறுத்துக்கொள்” என்றோம். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பின் பேச்சை மாற்றுவதற்காக, “தொடர் ஓட்டம் எப்படி என்று தெரியுமா பாட்டி?” எனக் கேட்டு, நம் கையில் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்து விளக்கத் தொடங்கினாள். ஆசிரியை மாணவியானோம். அவள் சொல்லி நாம் அறிந்தவற்றை இங்கே தருகின்றோம்.

நான்கு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். கையிலேந்தும் கோல் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, உள்ளீடற்ற குழல். எடை 50 கிராமுக்குக் குறையலாகாது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது மாற வேண்டிய பகுதியைக் கோடிட்டு வைத்துள்ளனர். முன்பு 20 மீட்டராக இருந்த அப்பகுதி, இப்போது இவ்வோட்டத்தில் 30 மீட்டர். அதற்கு முன்னும் கொடுக்கலாகாது. அதைக் கடந்தும் கொடுக்கலாகாது. கடந்தால் நால்வரின் உழைப்பும் வீண்.

பெறுபவள் நின்ற இடத்திலேயே கை நீட்டி நிற்பதில்லை. கொடுப்பவள் நெருங்கும்போதே அவளும் ஓடத் தொடங்கிவிடுகின்றாள். திரும்பிப் பார்ப்பதில்லை; கையை மட்டும் பின்னே நீட்டுகின்றாள். கொடுப்பவளோ, களைத்த நிலையிலும் வேகத்தைக் குறைக்காமல் அவள் பின்னே ஓடி, உள்ளங்கையில் வைத்து, உடனே விட்டுவிட வேண்டும். சில அடி தூரம் இருவரும் சேர்ந்து ஓடுகின்றனர். அந்தச் சில அடிகளில்தான் ஓட்டத்தின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

எல்லைக்குள் கைமாறியதா என்று நடுவர் பார்க்கும்போது, ஓடுபவரின் உடல் எங்கே இருந்தது என்று பார்ப்பதில்லை. கோல் எங்கே இருந்தது என்றே பார்க்கின்றனர். கைமாறும் வேளையில் கோல் விழுந்தால், தவறவிட்டவரே அதனை எடுத்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்டு நெடுநேரம் உறக்கமின்றிக் கிடந்தோம். செவ்வாய்க்கிழமை நாம் செய்தது யாது? ஓடாமல் நின்றுகொண்டு, தொலைவிலிருந்து கோலை வீசியெறிந்தோம். பிடிக்கவில்லையே என்று குழந்தையைச் சினந்தோம்.

எட்டாம் நாள்

வெள்ளிக்கிழமை, உத்தம தியாகத்தின் நாள். மருமகனாருடன் நாமும் திடலுக்குச் சென்றோம். ஆண்டாள் திருக்கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஒருபுறம் உயர்ந்து நிற்க, மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு கிடந்தது. சாம்பல் நிற மலை அணில்களுக்கென 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்ட மலை அது; இன்று புலிகள் காப்பகமாகவும் திகழ்கின்றது. உயிர்கட்கு அடைக்கலம் என்ற சொல்லே நம் செவிக்கு இனிது.

மாலையில் இறுதி ஓட்டம். முதலாமவள் நன்றாக ஓடினாள். இரண்டாமவள் அதனினும் நன்றாக ஓடினாள். கோல் நம் பேத்தியிடம் வந்தபோது அவர்கள் அணி இரண்டாம் இடத்தில் இருந்தது. வளைவைக் கடந்து நான்காமவளை நெருங்கினாள். இரண்டு கைகளும் கோலைப் பற்றியிருந்ததை நாமே கண்டோம். அடுத்த நொடியில் கோல் தரையில் உருண்டது.

திடலில் எழுந்த ஓசையைக் கேட்டு நாம் கண்களை மூடிக்கொண்டோம். திறந்தபோது பேத்தி குனிந்து கோலை எடுத்து, திரும்பி வந்து நின்ற தோழியின் கையில் வைத்துவிட்டிருந்தாள். மற்ற அணிகள் எல்லாம் கோட்டைக் கடந்த பின்னரும் நான்காமவள் நிற்காமல் இறுதி வரை ஓடி முடித்தாள். அவர்கள் அணி கடைசி.

பின்னர்ப் பேத்தி விளக்கினாள்: “அவள் பிடித்துவிட்டாள் பாட்டி. பிடித்தாளோ இல்லையோ என்று ஐயப்பட்டு நான்தான் மறுபடியும் இறுக்கிப் பிடித்தேன். விட்டிருக்க வேண்டும்.”

விட்டிருக்க வேண்டும்! நாம் மறுமொழி கூறவில்லை. நம் எழுபது ஆண்டு வாழ்வுக்கும் உரிய உரையை ஒரு சிறுமி உரைத்துவிட்டாள்.

அவள் ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். தூக்கை மருமகனார் நீட்டினார்; வேண்டாமென்று தள்ளினாள். இன்று நாம் ஒன்றும் சொல்லலாகாது என்று உறுதி பூண்டு அமைதியாக நின்றோம். அப்போது அந்த நான்காமவள் வந்தாள். கோல் விழுந்ததால் வெற்றியை இழந்தவள் அவளே. நம் சமயத்தைச் சேர்ந்தவளும் அல்லள். மலைப்பக்கம் கையைக் காட்டி, “ஏய், சூரியன் மலைக்குப் பின்னால் போகப் போகிறது. அப்புறம் நீ சாப்பிட மாட்டாய். எழுந்திரு” என்று கூறி, தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சோற்றை அவள் கையில் வைத்தாள். மற்ற இருவரும் இருபுறமும் அமர்ந்தனர். நால்வரும் பகிர்ந்து உண்டனர். இரண்டே நாட்களில் அப்பிள்ளைகள் நம் நோன்பின் நேரத்தைக் கணக்கிட்டுக் காக்கக் கற்றிருந்தனர்!

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதே அவற்றின் இயல்பு என்பதனை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 5-ஆம் அத்தியாயத்தில் உணர்த்தியுள்ளார். எத்தனையோ முறை அதனை வாசித்துள்ளோம். கண்ணால் கண்டது அன்றுதான். திடலில் ஒரு கோல் விழுந்தது. மரத்தடியில் மற்றொரு கோல் விழாமல் கைமாறியது. அதைத் தாங்கிய கைகளுள் சில நம் வீட்டுக் கைகளே அல்ல. மருமகனார் மகிழ்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கி வந்து நால்வருக்கும் அளித்தார். அதுவும் கதிர் மறையுமுன்.

குகையில் கைமாறிய ஞானம்

இனி ஆகமத்திற்கு வருவோம். பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய பின், கௌதமர், சுதர்மர், ஜம்பு சுவாமி எனும் மூன்று கேவலிகளும், பத்திரபாகு முனிவர் ஈறாக ஐந்து சுருதகேவலிகளும் திருவாய்மொழியைக் கைமாற்றிக் காத்தனர். அதன்பின் காலம் செல்லச் செல்ல நினைவாற்றல் குன்றியது, ஞானம் தேய்ந்தது. கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம் முதுமையை உணர்ந்து, எஞ்சிய ஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவன்றார். தென்னாட்டு முனிசங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். இரண்டு இளம் முனிவர்கள் வந்தனர்.

வந்தவுடன் அவர் கோலைக் கொடுத்துவிடவில்லை. இரண்டு மந்திரங்களை அளித்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறை. இருவரும் செபித்தபோது தோன்றிய தேவதைகள் வடிவு திரிந்து காணப்பட்டன. தேவதைக்கு ஊனம் இராது, பிழை மந்திரத்தில்தான் என்று உணர்ந்து, அவர்கள் தாமே எழுத்தைத் திருத்திக்கொண்டனர். பெறுபவர் தாமாக ஓடத் தொடங்கியதை ஆசாரியர் கண்டார்; அதன் பின்னரே கற்பித்தார்.

கற்பித்தல் முடிந்த அன்றே அவர்களை விடைகொடுத்து அனுப்பிவிட்டார் என்று பழைய வரலாறு கூறும். தம் இறுதி அணுகியிருந்தும், சில நாள் உடனிருந்து பணிவிடை செய்க என்று அவர் கேட்கவில்லை. கொடுத்தார், விட்டார்.

அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். புஷ்பதந்தர் முதற்பகுதிச் சூத்திரங்களை இயற்றி, தம் சீடர் ஜினபாலிதர் வழியாகப் பூதபலியிடம் அனுப்பினார். புஷ்பதந்தரின் ஆயுள் குறுகியது என்றறிந்த பூதபலி எஞ்சியவற்றை நிறைவேற்றினார். சட்கண்டாகமம் எனும் ஞானக்கடல் இவ்வாறு ஏடேறியது. அது நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி. பூதபலி முனிவர் தங்கியது நம் திராவிட நாட்டில் என்பது தமிழ்ச் சமணர்க்குப் பெருமை. பிற்காலத்தில் அவ்வாகமம் வீரசேனரின் தவளை உரையோடு மூடபித்ரியில் ஓலைச்சுவடியாய்க் காக்கப்பட்டு, 1939-இல் அதன் முதற்பகுதி அச்சேறியது. எத்தனை கைகள்! ஒரு கை தவறியிருந்தாலும் நமக்கு எட்டியிராது.

நம் இல்லத்திற்குத் தென்திசையில், கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலை உள்ளது. கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களும், நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே பாறையில் விளங்குகின்றன. இன்னாரின் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற முறையில் அவை அமைந்துள்ளன. ஆசிரியர்களாய் விளங்கிய குரத்தியர் எனும் பெண் துறவியரும் அவற்றுள் இடம் பெறுகின்றனர். குமரி மாவட்டத்துத் திருச்சாரணத்திலிருந்து வந்த குரத்தியர் பெயரும் உண்டு. பெண்ணாகவும் ஆசிரியையாகவும் இருந்த நமக்கு, அப்பாறையின் முன் நிற்கும்போதெல்லாம் கண் பனிக்கும். அவர்தம் உடல்கள் மறைந்தன. கோல் எங்கே இருக்கின்றது என்பதே கேள்வி.

பாட்டிமார்க்கு ஒரு சொல்

ஞானியர் மட்டுமே இதனைச் செய்ய வல்லவர் என்று எண்ண வேண்டா. 2021-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடிய நால்வருள் மூவர் தமிழர்: ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். அவர்களுள் மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து அவரை வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி. பெண்ணை ஓட அனுப்பலாமா, வேலைக்கு அனுப்பலாகாதா என்று உற்றார் கேட்டபோதும் அம்மூதாட்டி அசையவில்லை. அவ்வணி இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. ஆயினும் அந்தப் பாட்டி தம் பங்கு ஓட்டத்தைக் குறைவின்றி ஓடி முடித்தார் என்பதில் ஐயமில்லை.

நம் பிள்ளைகள் இரவில் உண்கின்றனர், பஞ்ச நமஸ்காரம் சொல்வதில்லை, ஆலயம் வருவதில்லை என்று நாம் வருந்துகின்றோம். வருத்தம் நியாயமே. ஆனால் அவர்களோடு நாம் சில அடி தூரமாவது ஓடினோமா? அவர்தம் பள்ளி நேரம் யாது, பணி நேரம் யாது, எந்தப் பேருந்தில் வருகின்றனர் என்று அறிந்தோமா? நான்கு மணிக்கு ஒரு பிடி சோறு வடித்துக் கொடுத்துவிட்டு, அதன்பின் நோன்பைப் பற்றிப் பேசுவோம். கொடுக்கும் பகுதி மிகச் சிறியது. குழந்தை ஓடத் தொடங்கும் முன்பு கொடுத்தால் அது சுமை. நாம் ஓட இயலாத காலத்தில் கொடுக்க எண்ணினால் எட்டாது.

கொடுத்தபின் விடுதலும் வேண்டும். எட்டாம் நாள் தியாகம். ஒன்பதாம் நாள் பற்றின்மை. இவ்வரிசையை அமைத்த பெரியோரின் நுண்ணறிவை நாம் அன்றுதான் உணர்ந்தோம். நம் நோன்பு, நம் குடும்பப் பெருமை என்று இறுகப் பற்றுவதும் ஒரு பரிக்கிரகமே. அவ்வறம் இனி அவளுடையது. அவள் தன் நடையில் ஏந்திச் செல்வாள். தவறவிட்டால் குனிந்து எடுக்கவும் அறிவாள். அதனை அன்று நம் கண்ணெதிரே செய்து காட்டினாள்.

பத்தாம் நாள் நிறைவுற்ற பின், சிறியோர் பெரியோரிடம் பொறுத்தருள வேண்டுவது வழக்கம். அவ்வாண்டு நம் இல்லத்தில் முதலில் கை கூப்பியவர் நாமே. மகளிடமும், மருமகனாரிடமும், பேரனிடமும், பேத்தியிடமும் வேண்டினோம். இந்த இதழின் வழியாக, நம்மிடம் பயின்று நம் கடுஞ்சொல்லுக்கு ஆளான மாணவ மாணவியர் அனைவரிடமும் வேண்டுகின்றோம். எல்லா உயிர்களையும் நாம் பொறுக்கின்றோம். எல்லா உயிர்களும் நம்மைப் பொறுக்க.

இப்போதும் மாலை நான்கு மணிக்கு உலை கொதிக்கின்றது. இவ்வாண்டு பேத்தி மீண்டும் ஓடுகின்றாள்.

அறம் வளர்க! அருகன் அருள் பெருகுக!